வெட்ட முதல் ஒரு கேள்வி

சித்தியின்ர மகனுக்கு இந்த வருசம் சாதாரண தரப் பரீட்சை. போன கிழமை கணக்குக் கொப்பியோட வந்து, "அக்கா, விடை சரிதானே, பிறகேன் அரைவாசிப் புள்ளி?" எண்டு கேட்டான். கலைப்பீடத்தில் படிக்கிற என்னிடம் அட்சரகணிதம் கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

தெரியாக் கணியத்தை 'க' என்று வைத்தால் கணக்கு இதுதான்:

க² = 5க

தம்பி இரண்டு பக்கமும் ஒவ்வொரு 'க'வை வெட்டி, க = 5 என்று முடித்திருந்தான். பிழையில்லை, 25 = 25. ஆனால் க = 0 என்று போட்டுப் பாருங்கள். 0 = 0. அதுவும் சரி. அந்தத் தீர்வு அவன் வெட்டின இடத்தில்தான் காணாமல் போனது.

எங்களுக்கும் ரியூசனில் இப்பிடித்தான் சொல்லித் தந்தவை: "ரெண்டு பக்கமும் இருக்கிறதை வெட்டு." என்னைக் கேட்டால், இந்த 'வெட்டு' என்ற சொல்தான் பிரச்சினை. உண்மையில் நாங்கள் செய்வது ஒன்றில் கழித்தல், இல்லாவிட்டால் வகுத்தல். இரண்டு பக்கத்திலிருந்தும் எதையும் பயமில்லாமல் கழிக்கலாம். வகுத்தல் அப்படியல்ல. 0 × 3 உம் 0 × 8 உம் சமன். இரண்டிலும் இருக்கிற பூச்சியத்தை வெட்டினால் 3 = 8 என்று வந்து நிற்கும்! பூச்சியத்தால் பெருக்கினால் எந்த எண்ணும் பூச்சியமாகிவிடும், முதலில் இருந்தது எது என்று திரும்பிக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே 'க'வால் வகுக்கிற நேரம், "க பூச்சியமில்லை" என்று நாங்களே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம். அது கொப்பியில் எழுதப்படாததுதான் பிழை.

"பூச்சியம்தானே, போனாப் போகட்டும்" எண்டான் தம்பி. சரி, ஒரு பந்தை நிலத்திலிருந்து செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால், 'க' செக்கனில் அதன் உயரம் 20க − 5க² மீற்றர். பந்து எப்போது நிலத்தில் இருந்தது? வகுத்தால் க = 4 மட்டும் வரும். பந்து விழுந்தது தெரியும், எறிந்த கணம் கணக்கிலேயே இல்லை.

அப்போ எப்ப வகுக்கலாம்? பூச்சியமாக முடியாது என்று தெரிந்தால் தாராளமாக வகுக்கலாம். 'க' ஒரு காணியின் அகலம் என்றால் அது பூச்சியமாகாது. க² + 1 கூட அப்படித்தான், எந்த மெய்யெண்ணைப் போட்டாலும் 1 இலும் குறையாது. தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். ஒன்றும் தொலையாது.

சமனிலி என்றால் இன்னும் கவனம். க² > 3க என்பதை 'க'வால் வகுத்து க > 3 என்று எழுதினால், −2 ஐ விட்டுவிடுவோம். 4 > −6 சரிதானே? மறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும். அதனால் அங்கே பூச்சியமா என்று மட்டுமல்ல, நேரா மறையா என்றும் கேட்க வேண்டும்.

சிலபஸ் முடிக்கிற அவசரத்தில் சேர்மாருக்கு இதெல்லாம் சொல்ல நேரமில்லை என்பார்கள். 3 = 8 ஐக் கரும்பலகையில் எழுத அரை நிமிசம் போதும். காரணம் சொல்லாமல் புள்ளியை மட்டும் வெட்டினால், பிள்ளை "எனக்குக் கணக்கு ஓடாது" என்றுதான் நினைக்கும். நானும் அப்படி நினைத்தவள்தான். கலைப்பிரிவுக்கு விரும்பித்தான் வந்தேன். ஆனால் அந்த நினைப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருக்கத் தேவையில்லை.

கடைசியாகத் தம்பிக்கு 3க² = 12க கொடுத்தேன். பேனையை வைத்துவிட்டு, "க பூச்சியமாகலாமோ அக்கா?" எண்டு கேட்டான். பிறகு எழுதினான்: க = 0 அல்லது க = 4.