அழுதால் போதுமா?



ஒரு வாளிப் பால் ஸ்டோருக்குப் போனால் என்ன நடக்கிறது? நிறுக்கிறார்கள். கருவியை விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அளக்கிறார்கள். கணக்கில் எழுதுகிறார்கள். கொஞ்சம் குறைந்தாலும் கேள்வி வருகிறது. ஆனால் அந்தப் பாலை வெட்டியவர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால்? “அழுததா? அழுதது. அப்படியானால் நல்ல பிள்ளைதான்!” சோதனை இத்துடன் முடிந்தது. ரப்பர் பாலுக்குக் கருவி; பாட்டாளியின் பிள்ளைக்கு ஓர் அழுகை! இது நியாயமா?

அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டராக இருந்த வெர்ஜீனியா அப்கார் என்ற பெண்மணி 1952-இல் ஒரு கணக்கை வகுத்தார். பிள்ளை பிறந்த 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: இருதயத் துடிப்பு, மூச்சு, கை கால்களின் முறுக்கு, தொட்டால் முகம் சுளிக்கும் உணர்ச்சி, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, அல்லது 2 மார்க்கு. மொத்தம் 10. துடிப்பு நிமிடத்துக்கு 100-க்குக் குறையாமல் இருந்தால்தான் அதற்கு முழு மார்க்கு. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நிம்மதி. குறைந்தால் மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். நாம் கொண்டாடும் அழுகை மூச்சின் அடையாளம். மூச்சுக்கு உள்ள மார்க்கு பத்தில் இரண்டே!

“இப்போதுதான் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றனவே, மிஸி பார்த்துக்கொள்வார்” என்கிறீர்களா? சரி. ஆனால் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளைக்கும் அந்த மார்க்கு முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான். சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் மறுநாளே தாயும் பிள்ளையும் வீடு திரும்புகிறார்கள். மஞ்சள் காமாலை தலைகாட்டுவதோ இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்! பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தால் அது அபாயம். மஞ்சள் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கிவிட்டாலும் அபாயமே. இரத்தத்தில் மஞ்சள் அளவு மீறினால் அது மூளையைத் தாக்கும். காது கேளாமல் போகும், கை கால் முடங்கும், உயிரே போகலாம்.

இதற்கு நம் வீடுகளில் நடக்கும் வைத்தியம் என்ன? வெயிலில் காட்டு! சர்க்கரைத் தண்ணீர் ஊட்டு! “அந்தக் காலத்தில் பாட்டி பத்துப் பிள்ளை பெறவில்லையா?” என்று ஒரு பெருமை வேறு. பத்துப் பெற்ற பாட்டி எத்தனையை வளர்த்து ஆளாக்கினாள் என்று கேட்டுப் பாருங்கள்! ஆஸ்பத்திரியின் நீல விளக்குச் செய்கிற வேலையை வாசல் வெயில் செய்யாது. நம் பிள்ளைகளின் மேனி கருத்தது. தோலைப் பார்த்தால் மஞ்சள் ஏமாற்றும். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் வந்தால் இரத்தப் பரிசோதனை ஒன்றே முடிவு.

இன்னொரு கொடுமை பாச்சை உருண்டை. ஜி6பிடி குறைவுள்ள பிள்ளைக்கு அதன் வாசமே இரத்த அணுக்களை உடைக்கும். நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறையைச் சோதிக்கிறார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியிலிருக்கும் உருண்டையைத் தூக்கி எறியுங்கள்!

வீட்டுக்கு மிஸி வந்து பார்ப்பதும் நம் உரிமைதான். தாய் வீட்டுக்குப் போனால் அந்த விலாசத்தைக் கிளினிக்கில் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையேல் மிஸி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், மார்பு குழிந்தால், காய்ந்தால், சில்லிட்டால், வலிப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்!

இனி நிர்வாகத்துக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நடப்பில் உள்ளது. தாய்க்கு 60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை 98 நாளாயிற்று. ஓராண்டு வேலை செய்த, மணமான தகப்பனுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுமுறை உண்டு. ஐந்து பிரசவம்வரை செல்லும். அந்த ஏழு நாள் எவை? காமாலை வரும் அதே ஏழு நாள்! “ஆள் பற்றாக்குறை, பெரட்டுக்கு வா” என்று அந்த நாளைப் பறிப்பவன், கூலியை மட்டுமா பறிக்கிறான்? பிள்ளைக்குக் காவலிருக்கும் கண்ணையே பறிக்கிறான்!

தொழிலாளத் தோழரே, முப்பது நாளுக்கு முன்பே எழுதிக் கொடும். கிராணியாரே, அந்தத் தாளை மேசையில் தூங்க விடாதீர். உம் வீட்டுத் தொட்டிலுக்கும் அதே சட்டந்தான். தோட்டக் கமிட்டியாரே, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி எது, ஓட்டுபவர் யார் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

பாலை அளக்கத் தெரிந்தவர்கள் நம் பிள்ளையின் உயிரையும் அளந்து பார்க்கட்டும். அழுத பிள்ளைக்குப் பால் உண்டு என்பார்கள். அழ முடியாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்காக நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்!