பற்றுப் பாத்திரம் தேய்க்கும் கைகள்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகர் அடுக்ககங்களிலும், அடையாற்றின் பங்களாக்களிலும் விடியற்காலை முதல் வீடு வீடாக ஏறியிறங்கிப் பற்றுப் பாத்திரம் தேய்த்து, துணி அலசி, தரை துடைக்கிற பெண்களுடைய கைகளை, தத்தம் இல்லத்தின் சுத்தத்தில் பெருமை கொள்ளுகிற நாம் ஒரு தரமேனும் உற்று நோக்கியதுண்டா? கட்டைவிரல் ஓரத்தில் வெடிப்பு, மோதிரத்தின் அடியில் தங்கிய சோப்பினால் சிவந்துபோன வளையம், நகக்கண்ணில் வீக்கம்; அவற்றின்மீது குழம்புச் சட்டியின் புளியும் காரமும் படுகையில் கையை ஒரு முறை உதறிவிட்டு அவர்கள் மறுபடியும் தேய்க்கத் தொடங்குகிறார்கள்.

நமது சருமம் சற்றே அமிலத் தன்மையுடையது. சோப்போ காரத் தன்மையுடையது. அது கழுவிச் சென்ற எண்ணெய்ப்பசை மீண்டும் ஊறுவதற்குள் அடுத்த வீட்டுத் தண்ணீரில் கை நனைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, போர்த் தண்ணீரின் கடினத் தன்மையால் சோப்பு திரைந்து தோலிற் படிந்து எரிச்சலை அதிகப்படுத்துகிறது. 2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் ஓயாமல் கைகழுவி நம்மிற் பலர் சில வாரங்கள் அநுபவித்த அவஸ்தையே இவர்களுக்கு நித்திய வாழ்க்கை. மருத்துவர்களும் தாதியரும் உபயோகிப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்த கிருமிநாசினித் திரவத்திலேயே, சருமம் வறளாதிருக்கும்பொருட்டுக் கிளிசரின் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கரிசனம் நமது சமையலறை வரையில் வரவேண்டாமா?

பரிகாரம் எளிது. ரப்பர் கையுறையை மட்டும் கொடுத்தால், சென்னைப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்து உபத்திரவம் கூடும். ஆகையால் அதனுள் அணிய மெல்லிய பருத்திக் கையுறையும் வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கையை அலசி, ஈரத்தைத் துணியால் ஒற்றி, தோல் முற்றும் உலர்வதற்கு முன்பே வாஸலினோ தேங்காயெண்ணெயோ தடவிக்கொள்ளச் சில நிமிஷ அவகாசம் தரவேண்டும். வெடிப்பு ஆறாமல் சீழ் கோத்தால், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குச் சென்றுவரச் சம்பளத்தோடு அரைநாள் விடுப்பும் அளிக்கவேண்டும்.

வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது போற்றத்தக்கதே. எனினும் ஒவ்வொரு வீட்டுக் கொல்லைப்புறத்தையும் வாரியம் வந்து பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அந்தப் பொறுப்பு குடும்பத் தலைவர்களையும் தலைவிகளையுமே சார்ந்தது. மாதச் சாமான் பட்டியலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை எழுதுகிறபோதே, அடுத்த வரியில் ஒரு ஜோடிக் கையுறையையும் ஒரு டப்பா வாஸலினையும் சேர்த்து எழுதுங்கள். அவை அவர்களுக்குச் சேரவேண்டிய கூலியின் ஒரு பகுதியேயாகும்.