அஞ்சு பேர் ஆடுறோம், புத்தகம் வாங்குனது யாரு?

போன சீசன்ல ஒரு சனிக்கிழமை. மெயின் அருவியில் தண்ணி வளைவைத் தாண்டி விழுந்ததால குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் அதே கதை. பார்டர் பரோட்டாவை ஒரு கை பார்த்துட்டு, தென்காசியில ஒரு நண்பன் வீட்டு மாடியில அஞ்சு பேர் உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட ஆரம்பிச்சோம். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: ஒருத்தர் கதை சொல்லுவார், மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரம். "கதவைத் திறக்கேன்"னு நீங்க சொன்னா, அது திறந்துச்சா இல்லையான்னு இருபது முகப் பகடை முடிவு பண்ணும். போர்டு வேணும்னு கட்டாயம் இல்ல, பேச்சுதான் ஆட்டம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடினோம்.

அந்த அஞ்சு பேரில் விதிப் புத்தகத்துக்குக் காசு கொடுத்தவங்க எத்தனை பேர்? ஒருத்தரும் இல்ல. டெலிகிராம்ல வந்த பி.டி.எஃப்தான். பகடைகூட போன் ஆப்.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னா, நானும் என் ரூம்மேட்டும் தமிழ்ல இப்படி ஒரு ஆட்டம் எழுதி வச்சிருக்கோம். நாப்பது பக்கம். அச்சடிச்சு விக்கலாமா, இல்ல ஆஃபர் லெட்டரை வாங்கிட்டு இதை மறந்துடலாமான்னு இந்த செமஸ்டருக்குள்ள முடிவு பண்ணியாகணும். காசே கொடுக்காம ஆடின நானே மத்தவங்ககிட்ட காசு கேக்கப் போறேன். அதான் கொஞ்சம் உறுத்துது.

நாங்க திருட்டு பி.டி.எஃப்ல ஆடினது தப்புதான், அதுல மறுப்பு இல்ல. ஆனா எல்லாரும் நேர்மையா இருந்தாலும் இந்தத் தொழில் கஷ்டம்தான். அஞ்சு பேர் ஆடினா, கதை சொல்றவர் ஒருத்தர் வாங்கினா போதும். வாங்கின புத்தகம் தேயாத சோப்பு மாதிரி, பத்து வருஷம் ஆனாலும் அதே புத்தகத்தை வச்சு ஆடலாம். அப்போ பதிப்பாளர் அடுத்த மாசம் சம்பளம் கொடுக்க என்ன செய்வார்? புதுசு புதுசா புத்தகம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதின ஆட்டத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர் கம்பெனி அதைத்தான் செஞ்சது. ஒரு கற்பனை உலகம், அது பத்தாதுன்னு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. ஒரு உலகத்துக்கு ரசிகர் ஆனவர் அடுத்த உலகத்தோட புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கல. கடைகளுக்குப் போன சரக்கு கட்டுக் கட்டா திரும்பி வந்துச்சு. கடைசியில 1997ல கம்பெனியை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கிருச்சு. விஸார்ட்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க: 'மேஜிக்' சீட்டு. அங்க ரெண்டு பேர் ஆடினா ரெண்டு பேரும் சீட்டு வாங்கணும். எனக்கு முழு விஷயமும் இந்த ஒரு வித்தியாசத்துலதான் இருக்குன்னு தோணுது.

1999ல விஸார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கினாங்க. அடுத்த வருஷம், 'எங்க விதிகளை வச்சு நீங்களும் புத்தகம் போட்டுக்கலாம்'னு ஒரு திறந்த உரிமம் கொடுத்தாங்க. எத்தனையோ சின்னப் பதிப்பாளர்கள் அதை நம்பி வந்தாங்க. 2023 ஜனவரியில அந்த உரிமத்தை மாத்துற வரைவு கசிஞ்சது. வருஷ வருமானம் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினா, தாண்டினதுல 25 சதவீதம் வரைக்கும் கேட்டாங்க. லாபத்துல இல்லைங்க, வருமானத்துல. ரசிகர்கள் சந்தாவை ரத்து பண்ணிக் கொந்தளிச்சதும், அந்த மாசக் கடைசியிலேயே கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுருச்சு. கம்பெனியை வில்லன்னு திட்டுறது ஈஸி, நானும் திட்டினேன். ஆனா அஞ்சு பேர்ல ஒருத்தர்தான் வாங்குறார்ங்கிற கணக்கு அவங்களையும் உறுத்தியிருக்கும்ல? எப்படியோ, நமக்கு இதுல ஒரு லாபம். அந்த விதிகளைத் தமிழ்ல மொழிபெயர்த்து, மூலம் எதுன்னு குறிப்பிட்டு, சட்டப்படியே விக்கலாம்.

ஆனா நாங்க அதைச் செய்யல. காரணம் என் அத்தை பையன். ஐ.டி.ஐ படிக்கான். அன்னைக்கு மாடியில அவனும் இருந்தான். நாங்க எல்.கே.ஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், விதியை வாசிக்கிறதுல புலி. ஆனா ஆட்டத்துல வாய் திறந்தா "ஐ அட்டாக்" தாண்டி எதுவும் வரல. அவன் அந்தப் புத்தகத்தைத் தொடக்கூட இல்ல. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுற மாதிரி டிராகன்கிட்ட பேரம் பேசினான். புதையல்ல பாதியும் வாங்கிட்டான்! மேலகரத்துல பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறத்தியை மலைவளமும் குறியும் சொல்ல வச்ச ஊர் இது. கதை சொல்ல இங்க யாருக்கும் டிராகன் தேவையில்ல. அதனால எங்க ஆட்டம் செண்பகாதேவிக்கு மேல இருக்குற காட்டுல நடக்குது. பகடைக்குப் பதிலா ஆறு சோழி, திருச்செந்தூர் கடையில வாங்கினது. இருபது முகப் பகடையில 1 விழவும் 20 விழவும் ஒரே 5 சதவீதம்தான். சோழியில நடு எண்கள்தான் அடிக்கடி வரும், ஆறும் மல்லாந்து விழுறது அபூர்வம். விழுந்தா மாடியே கத்தும்.

இனி விக்கிறது. வெளிநாட்டுல சின்னப் பதிப்பாளர்கள் கிக்ஸ்டார்ட்டர்ல முன்பணம் திரட்டுவாங்க. அங்க திட்டம் தொடங்க அனுமதி உள்ள நாடுகள்ல இந்தியா இல்ல. புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது, ஆனா அதே புத்தகத்தை சோழியோட அட்டைப்பெட்டியில போட்டு விளையாட்டுன்னு வித்தா வரி வந்துரும். சரி, சோழியை அவங்கவங்களே வாங்கிக்கட்டும்.

முன்பணத்துக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். ராஜபாளையம் தாண்டினா சிவகாசி. அங்க 1972ல 'இரும்புக்கை மாயாவி'யோட தொடங்கின முத்து காமிக்ஸும், 1984ல வந்த லயன் காமிக்ஸும் இன்னும் வருது. கடை கடையா ஏறி இறங்குறதை மட்டும் நம்பல, சந்தாவையும் வாசகர் நேரா வாங்குறதையும் நம்பி ஓடுது. எத்தனை பேர் கேக்குறாங்கன்னு முதல்லயே தெரிஞ்சா எவ்வளவு அச்சடிக்கணும்னு தெரியும், கட்டு திரும்பி வராது. தடிமனான கெட்டி அட்டைப் புத்தகத்தை விட்டுட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒரு சின்ன சாகசம். கூடவே ஆடுறவர் ஒவ்வொருத்தரும் தன் கதாபாத்திரத்தை எழுதி வைக்க எட்டுப் பக்கத்துல தனிப் புத்தகம். அப்போ அஞ்சு பேரும் வாங்கக் காரணம் இருக்கும். வேலையை விட வேண்டியதில்ல, சனி ஞாயிறு போதும்.

முப்பது பேர் சேர்ந்தா அச்சுக்குக் கொடுக்குறதா வச்சிருக்கோம். இதுவரைக்கும் பதினோரு பேர். முதல் பேர் அத்தை பையனோடது. "தமிழ்லதான லே இருக்கும்?"னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் ஜிபே பண்ணினான்.