குற்ற ஆராய்ச்சிக்கு ஒரு பரிசு

நோபல் பரிசு வழங்கும் ஸ்டாக்ஹோம் நகரிலேயே, குற்றவியல் ஆராய்ச்சி செய்யும் அறிஞர்களுக்கென 2006 முதல் தனிப் பரிசொன்று வழங்கப்பட்டு வருகிறது. முதலாண்டில் அதனைப் பகிர்ந்து பெற்ற இருவருள் ஒருவர் ஆஸ்திரேலியரான ஜான் பிரெய்த்வெயிட். தவறியவனை நாணச் செய்து, பின் நம்மோடு சேர்த்துக்கொண்டால் குற்றம் குறையும். முத்திரை குத்தி ஒதுக்கினால் பெருகும் என்பது 1989இல் வெளியான அவருடைய நூலின் சாரம்.

படித்ததும் நம் காலனிச் சிறுவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். பஜனை உண்டியலிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துவிட்டான். பணத்தை மறுநாளே அவன் தந்தையார் கட்டிவிட்டார். ஆயினும் பொங்கல் விழா நாடகத்திலிருந்து அவன் பெயரை நீக்கினார்கள். நீக்கச் சொன்னவர்களுள் நாமும் இருந்தோம்! அன்று முதல் அவன் விளையாடவும் வருவதில்லை. சித்திரைப் புத்தாண்டு நாடகத்துக்கு ஒத்திகை தொடங்குமுன் நாமே அவன் வீட்டுக்குச் சென்று அழைப்பதாக இருக்கிறோம்.