நான்கு மாநிலங்களுக்கு உண்டு, நமக்கு ஏன் இல்லை?

ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் 1950 முதல் இந்தியில் வழக்காடலாம். உத்தரப் பிரதேசத்துக்கு 1969-லும் மத்தியப் பிரதேசத்துக்கு 1971-லும் பிகாருக்கு 1972-லும் அந்த அனுமதி கிடைத்தது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. கர்நாடகம், குஜராத், மேற்கு வங்கம், சத்தீஸ்கர் ஆகியவையும் தத்தம் மொழிக்குக் கேட்டன. 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, முடியாது என்றார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சிவில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் இதன் வலி எனக்குத் தெரியும். முன்சீப் கோர்ட்டில் பிராது, சாட்சியம், தீர்ப்பு எல்லாம் தமிழில்தான். அதே கட்டு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் வரை வந்தால் பத்திரம் முதல் குறுக்கு விசாரணை வரை ஆங்கிலமாக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று அந்தச் செலவும் கட்சிக்காரர் தலையில். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், வண்டிப்பாதைத் தகராறு. அவருடைய வரப்பையும் கிணற்றையும் பற்றி இரு தரப்பும் வாதாடி முடிக்கும் வரை பின்வரிசையில் கைகட்டி நின்றார். வெளியே வந்ததும், "வக்கீல் சார், நம்ம பக்கம் பேசினாகளா, அவுக பக்கமா?" என்றார். சொந்த நிலத்தின் கதி என்ன ஆனது என்பதை என் வாய்வழியாகத்தான் அவர் அறிய வேண்டியிருந்தது.

தமிழ் தெரியாத வெளிமாநில நீதிபதிகள் வருவார்களே என்கிறார்கள். தேவகோட்டைக்காரரான ஏ.ஆர். லட்சுமணன் ராஜஸ்தானின் தலைமை நீதிபதியாக இருந்தார். அதற்காக அங்கே இந்தியை நிறுத்திவிடவில்லையே!

அரசமைப்புச் சட்டத்தின் 348(2) கேட்பதெல்லாம் குடியரசுத் தலைவரின் முன் இசைவும் ஆளுநரின் ஆணையும்தான். இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாக வேண்டும் என்பது அதில் இல்லை. அது 1965-ல் மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு. அமைச்சரவை போட்ட முட்டுக்கட்டையை அமைச்சரவையே எடுக்கலாம்; அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. நம் எம்.பி.க்கள் பிரதமரிடம் நேராகக் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஆங்கிலத்தை யாரும் வெளியேற்றச் சொல்லவில்லை. வேண்டியவர் ஆங்கிலத்தில் வாதாடட்டும், வேண்டியவர் தமிழில். தீர்ப்புக்கும் வழி இருக்கிறது: அதே இசைவு கிடைத்தால், 1963 ஆட்சிமொழிச் சட்டத்தின் 7-வது பிரிவின்படி தமிழில் தீர்ப்பெழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வைத்தால் போதும்.