சாலை மக்களுடையது, எச்சரிக்கை மட்டும் ஏகபோகத்துக்கா?

2025 டிசம்பர் தொடக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. நெடுஞ்சாலையில் செல்லும் ஜியோ வாடிக்கையாளரின் செல்பேசிக்கு, விபத்து மிகுந்த பகுதி, திரியும் கால்நடை, மூடுபனி, அவசர மாற்றுப்பாதை ஆகியவை குறித்து முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புவது இத்திட்டத்தின் நோக்கம். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், அழைப்பு ஆகிய வழிகளில் இந்த எச்சரிக்கை வரும். ஏற்கெனவே உள்ள கோபுரங்களே போதும், சாலையோரத்தில் புதிதாக எந்தக் கருவியும் தேவையில்லை என்பது இதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது.

சாலையில் உயிர்காக்கும் எந்தத் தொழில்நுட்பத்தையும் தொழிலாளி வர்க்க இயக்கம் எதிர்க்காது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் காட்டியிருக்கிறது. அந்த அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கையில், பணி நடந்துகொண்டிருக்கும் சாலைகளில் நேர்ந்த சாவுகளுக்கென்று தனித்தலைப்பே உண்டு. இவ்வளவு சாவுகளுக்கு நடுவே ஓர் உயிரைக் காக்கும் குறுஞ்செய்தியும் வரவேற்கத்தக்கதுதான். ஆனால், சாலையில் எங்கே பள்ளம் தோண்டப்பட்டிருக்கிறது, எந்தப் பாலம் பாதியில் நிற்கிறது என்ற தகவலைத் தர வேண்டிய சட்டக் கடமை யாருக்கு? அதைத் தராமல் விட்டவருக்கு என்ன தண்டனை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் செல்பேசி எச்சரிக்கையைப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பது ஏமாற்று வேலை.

வரைபடம் எதை அறியும், எதை அறியாது?

வழிகாட்டும் செயலிகள் சாலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. சாலையில் நகரும் செல்பேசிகளின் வேகத்தைத் திரட்டி, நெரிசல் உண்டா இல்லையா என்று கணிக்கின்றன. பகலில் நூறு வண்டிகள் தேங்கி நிற்கும் பணியிடத்தை அவை எளிதில் கண்டுகொள்ளும். நள்ளிரவில் ஒரு வண்டியும் போகாத, பாதி கட்டிய பாலத்தைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல எந்தச் செல்பேசியும் அங்கே இல்லை. ஆபத்து மிகுந்த இடத்தில்தான் வரைபடம் குருடாகிறது. யாரேனும் ஒருவர் சொன்னாலொழிய அது அறியாது.

2024 நவம்பர் 24 அன்று உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கை ஆற்றின் மீதிருந்த முடிவுறாத பாலத்திலிருந்து கார் ஒன்று விழுந்து மூவர் இறந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை முந்தைய வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. வழிகாட்டும் செயலிக்கு அது தெரியாது. பாலத்தின் முகப்பில் வண்டியை நிறுத்தக்கூடிய தடுப்பும் இல்லை. காவல்துறை பதிவு செய்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும், பெயர் குறிப்பிடப்படாமல் கூகுள் வரைபட அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டனர். நாடெங்கும் செயலியைக் குறைகூறிப் பேச்சு எழுந்தது. பாலம் உடைந்ததை அரசுத் துறை அறிந்திருந்தும், வரைபட நிறுவனத்துக்கு அதைத் தெரிவிக்கச் சட்டப்படி எந்த ஏற்பாடும் இல்லை என்ற உண்மை அந்த இரைச்சலில் மறைந்துபோனது. கேரளத்திலும் 2023 அக்டோபர் 1 நள்ளிரவில், கொட்டும் மழையில், எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் கார் பெரியாற்றில் பாய்ந்து இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தபோது இதே விவாதம் எழுந்து அடங்கியது.

இக்குறையைத் தீர்க்கும் தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. பணியிடத்தில் வைக்கும் அம்புக்குறி விளக்கிலும் தடுப்புக் கூம்பிலும் இருப்பிடம் காட்டும் சிறு கருவியைப் பொருத்திவிட்டால் போதும். விளக்கை ஏற்றிய கணமே, இங்கே வேலை நடக்கிறது, இந்தத் தடம் மூடப்பட்டுள்ளது என்ற செய்தி எல்லா வரைபடங்களுக்கும் போய்ச் சேரும். அமெரிக்காவின் ஒன்றியப் போக்குவரத்துத் துறை, பணியிடத் தகவலை எல்லா நிறுவனங்களும் படிக்கத்தக்க ஒரே சீரான பொது வடிவத்தில் வெளியிடும் முறையை வகுத்துள்ளது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்தில்கூட அந்த வடிவம் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. இங்கோ தொடக்கமே ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து நடக்கிறது.

வாளையாறு முதல் பாலியேக்கரை வரை

ராம்கங்கை தொலைவில் இருக்கிறது என்று தமிழகமும் கேரளமும் ஆறுதல் கொள்ள இடமில்லை. சேலத்தில் புறப்பட்டு, கோவையைக் கடந்து, வாளையாற்றில் கேரளத்துக்குள் நுழைந்து, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி சேரும் தேசிய நெடுஞ்சாலை 544, தமிழ் ஓட்டுநர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாலை. நவம்பரில் கல்பாத்தித் தேருக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும், ஆண்டு முழுதும் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளும் இதன் வழியேதான் போகின்றன.

இச்சாலையின் மண்ணுத்தி – இடப்பள்ளிப் பகுதியில் மேம்பாலமும் சுரங்கப்பாதையும் கட்டும் பணிகள் ஒரே காலத்தில் பல இடங்களில் தொடங்கப்பட்டன. சர்வீஸ் சாலைகள் சீர்செய்யப்படாமலே போக்குவரத்து அவற்றில் திருப்பிவிடப்பட்டது. வண்டிகள் மணிக்கணக்கில் தேங்கின. பாலியேக்கரைச் சுங்கச்சாவடியில் வசூல் மட்டும் தேங்கவில்லை. 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர்நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தி வைத்தது. ஆணையமும் ஒப்பந்த நிறுவனமும் உச்சநீதிமன்றத்துக்கு ஓடின. சுமார் 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணிநேரம் ஆகுமென்றால் 150 ரூபாய் எதற்கு என்று நீதிபதிகள் கேட்டனர். ஆகஸ்ட் 19 அன்று மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அக்டோபரில்தான் வசூலுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

சுங்கச்சாவடியில் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நொடிப்பொழுதில் படித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளக் கருவி இருக்கிறது. அதே வண்டிக்கு, முன்னே ஐந்து கிலோமீட்டரில் தடம் மூடப்பட்டுள்ளது என்று சொல்லக் கருவி இல்லை. தொழில்நுட்பம் எட்டாத தொலைவில் இருப்பதால் நேர்ந்த குறையாக இதைக் கொள்ள முடியாது. வசூல் கருவி ஒப்பந்தக்காரருக்கு லாபம் தருகிறது. எச்சரிக்கைக் கருவியோ அவருக்குச் செலவு.

ஒரு லட்ச ரூபாய் விலை

பணியிடப் பாதுகாப்புக்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியச் சாலைக் காங்கிரசின் எஸ்.பி. 55 எனும் வழிகாட்டு நெறி, 2014ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறையில் உள்ளது. முன்னெச்சரிக்கைப் பகுதி, தடம் மாறும் பகுதி, பணிப் பகுதி, முடிவுப் பகுதி என்று பணியிடத்தை நான்காகப் பிரித்து, எந்த இடத்தில் என்ன பலகை, என்ன விளக்கு, எங்கே கொடியசைப்பவர் என்று அது வகுத்துரைக்கிறது. நடைமுறையிலோ இரண்டு தார்ப் பீப்பாய்களும் ஒரு மரக்கிளையும் எச்சரிக்கையாக நிற்கின்றன.

இதை மீறினால் என்ன ஆகும்? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைத் தரத்தைப் பேணத் தவறியதால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறைத் தண்டனை அப்பிரிவில் இல்லை. பல நூறு கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் ஒரு லட்சம் என்பது தேநீர்ச் செலவு. விளக்கும் தடுப்பும் காவலாளியும் வைப்பதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்று ஒப்பந்தக்காரர் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தது மோடி அரசின் சட்டமே.

சாலையில் நிற்கும் தொழிலாளியின் நிலை இதனினும் கொடிது. கொதிக்கும் தாருக்கும் சீறிவரும் லாரிக்கும் நடுவே சிவப்புத் துணி பிடித்து நிற்பவர், பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் துணை ஒப்பந்தம் பெற்றவரிடம் கூலி வாங்கும் புலம்பெயர் தொழிலாளி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒப்பந்தத் தொழிலாளருக்கான சட்டப் பாதுகாப்பின் வரம்பை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்திவிட்டன. சாலைப் பராமரிப்புக் குழுக்களில் எத்தனை குழு ஐம்பதைத் தொடும்? ஆய்வாளர் என்ற பெயர்கூட ‘ஆய்வாளர் மற்றும் உதவுநர்’ என்று மாற்றப்பட்டுவிட்டது. தொழிலாளியின் உயிரைக் காக்கும் சட்டத்தை ஒரு கையால் தளர்த்திவிட்டு, மறுகையால் பயணியின் செல்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது ஒன்றிய அரசு. அந்தக் குறுஞ்செய்தி ஓட்டுநரைத் தேடிப் போகிறது. சாலையில் நிற்கும் தொழிலாளிக்கு, தன்னை நோக்கி வரும் வண்டி வேகம் குறைக்கவில்லை என்று சொல்லும் கருவி எதுவும் இல்லை.

மக்கள் எழுப்பிய எச்சரிக்கை

எச்சரிக்கை இல்லாததால் மட்டுமே விபத்துகள் நேர்கின்றன என்ற கருத்தும் தவறு. 2024 டிசம்பர் 12 அன்று பாலக்காடு – கோழிக்கோடு நெடுஞ்சாலையில், கரிம்பா அருகே பனயம்பாடத்தில், சிமெண்ட் லாரி கவிழ்ந்து பள்ளி மாணவியர் நால்வர் உயிரிழந்தனர். அந்த வளைவும் அதன் வழுக்கலும் ஆபத்தானவை என்று பகுதி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்திருந்தனர். எந்தக் கோபுரமும் இல்லாமல் எழுப்பப்பட்ட எச்சரிக்கை அது. கேட்டவர்கள் செயல்படவில்லை.

இடுக்கியில், கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் விரிவாக்கத்துக்காக மலை வெட்டப்பட்ட அடிமாலி கூம்பன்பாறையில், 2025 அக்டோபர் 25 இரவு மண் சரிந்து வீடுகளை மூடியது. ஒருவர் உயிரிழந்தார். அந்தக் குடியிருப்பின் குடும்பங்கள் முன்னதாகவே முகாமுக்கு மாற்றப்பட்டிருந்ததால் பெருஞ்சாவு தவிர்க்கப்பட்டது. அங்கே உயிர்களைக் காத்தது, எச்சரிக்கையும் அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையும் சேர்ந்துதான். தேரோட்டத்தில் ‘தேர் வருகிறது’ என்று கூவுபவர் மட்டும் இருந்தால் போதாது. சக்கரத்தின் அடியில் கட்டை போட்டு நிறுத்துபவரும் வேண்டும். ஜியோ ஒப்பந்தம் கூவுபவரை மட்டும் நியமிக்கிறது.

கேரளம் காட்டிய வழி

பொதுத்துறை இதைச் செய்யவல்லது என்பதற்குச் சான்று உண்டு. இடது ஜனநாயக முன்னணி அரசின் பொதுப்பணித் துறை, 2021 டிசம்பரில் தொடங்கி, தன் சாலைகளில் ஒப்பந்தக்காரர், பொறியாளர் ஆகியோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், பழுதுக்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டிய காலத்தையும் எழுதிய பலகைகளை நிறுவியது. பழுதைப் படமெடுத்து அனுப்பச் செயலியும் அளித்தது. அப்பலகை, சாலைக்குப் பொறுப்பாளி யார் என்பதைப் பொதுத் தகவலாக்கியது. அடுத்த படி, இந்தத் தகவலை வரைபடத்தில் ஏற்றுவதுதான்.

ஜியோவுடன் நின்றுவிடப் போவதில்லை, பிற தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் திட்டம் விரிவாகும் என்று ஆணையம் சொல்கிறது. விரியட்டும். ஆனால் பி.எஸ்.என்.எல். எனும் பொதுத்துறை நிறுவனம் மக்களிடம் இருக்கும்போது, தொடக்கம் அங்கிருந்து ஏன் இல்லை? யார் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் போகிறார் என்ற தகவல் எவர் கையில் சேரும், அது வணிகத்துக்குப் பயன்படாது என்பதற்கு என்ன உறுதி? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தமிழ்ப் பெண் தொழிலாளர்களுக்கு, அலைவரிசை எட்டாத வளைவுகளில் எந்தச் செயலி துணை நிற்கும்? அவர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய பலகையும், இரவில் ஒளிரும் தடுப்பும், கொடியசைக்கும் ஆளும் வேண்டும்.

ஒரு நூற்றாண்டின் கேள்வி

1924இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே ஆண்டில், பொதுச்சாலைகள் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின்னரும் அன்றைய மலபார் மாவட்டத்தின் கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்களில் ஈழவர்கள் தடுக்கப்பட்டனர். அவர்கள் போராடித்தான் நடக்க வேண்டியிருந்தது. சாலை யாருடையது என்ற கேள்விக்கு, அது பொதுமக்களுடையது என்ற விடை ஏட்டில் எழுதப்பட்டது. தெருவில் அது போராட்டத்தால் பெறப்பட்டது. இன்று அக்கேள்வி வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. பொதுப்பணத்தில் போடப்படும் சாலை பற்றிய தகவல் யாருடையது?

அதுவும் மக்களுடையதே. ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பணி தொடங்கும் நாள், முடியும் நாள், மூடப்படும் தடம், மாற்றுப்பாதை ஆகியவற்றை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் ஏற்றுவது ஒப்பந்தக்காரரின் சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். ஏற்றாதவருக்குப் பணித்தொகை நிறுத்தப்பட வேண்டும். அந்தப் பதிவேடு அரசின் உடைமையாக இருந்து, எல்லா வரைபடங்களுக்கும் எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். எஸ்.பி. 55 நெறி சட்டமாக்கப்பட்டு, 198ஏ பிரிவின் அபராதம் ஒப்பந்த மதிப்பின் விகிதத்தில் உயர்த்தப்பட வேண்டும். பணியிடப் பாதுகாப்புக்குத் தொழிலாளர் எண்ணிக்கை வரம்பு எதுவும் இருத்தலாகாது.

கோவை, பாலக்காடு, தேனி, இடுக்கி மாவட்டங்களின் கட்சிக் கிளைகளும் லாரி, ஆட்டோ ஓட்டுநர் சங்கங்களும் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களும் இணைந்து, தத்தம் பகுதியின் பணியிடங்களை இரவில் நேரில் பார்த்துப் பட்டியலிட வேண்டும். விளக்கு உண்டா, தடுப்பு உண்டா, பலகை எந்த மொழியில் இருக்கிறது, அங்கே நிற்கும் தொழிலாளிக்கு ஒளிரும் மேலாடையாவது கொடுத்தார்களா என்பதைக் குறித்து, மாவட்ட ஆட்சியரிடமும் நெடுஞ்சாலை ஆணையத்திடமும் அளித்து, நடவடிக்கை எடுக்கும்வரை மக்களைத் திரட்ட வேண்டும்.