கட்டற்ற மென்பொருளும் கலந்துரையாடும் பண்பாடும்

நமது நாட்டின் பள்ளிக்கூடங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் கட்டற்ற மென்பொருள்கள் இன்று பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. கேரளத்து அரசுப் பள்ளி மாணவர்கள் குனு/லினக்ஸ் இயங்குதளத்திலேயே கணினிப் பாடம் கற்கின்றனர். நிலப்படம் வரையும் களப்பணியாளர் பலர் கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருளைக் கையாளுகின்றனர். இவற்றின் பயனையும் சிக்கனத்தையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆயின், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத எண்ணற்றோர் இணையவழிக் குழுக்களில் கூடி, வினவியும் விடையிறுத்தும் வாதிட்டும் இவற்றை வளர்த்தனர் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. அக்குழுக்களின் பண்பாடு கடந்த 40 ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றத்தால் நாம் பெற்றது ஒன்று. இழந்து வருவது மற்றொன்று. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். 'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும். அதனால் ஆங்கிலத்தில் எழுதுவோர் தாம் கூறுவது எப்பொருளில் என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியுள்ளது. தமிழில் அவ்விடர் இல்லை. இலவசம் வேறு, கட்டின்மை வேறு. ஒரு மென்பொருளை இயக்கவும், அதன் மூல நிரலைப் பயிலவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உள்ள உரிமையே கட்டின்மை எனப்படுவது. இவ்வுரிமை ஏட்டளவில் இருந்தால் மட்டும் போதாது. ஐயம் எழும்போது கேட்பதற்கு ஓர் இடமும், விடை கூறுவதற்கு ஒருவரும் வேண்டும். அந்த இடமாக விளங்கியவையே கலந்துரையாடல் குழுக்கள்.

தொடக்க காலம்

1983 செப்டம்பர் 27-ஆம் நாள் ரிச்சர்ட் ஸ்டால்மன் தமது குனு திட்டத்தை யூஸ்நெட் என்னும் செய்திக்குழு வலையில்தான் முதன்முதல் அறிவித்தார். 1991 ஆகஸ்டு 25-இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி மினிக்ஸ் செய்திக்குழுவில் தெரிவித்து, மற்றவர்களுடைய கருத்தை வேண்டினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் அதே குழுவில், லினக்ஸின் அமைப்பு காலங்கடந்தது என்று கண்டித்தார். மாணவர் பேராசிரியரை மறுத்தார், வாதம் சூடேறியது. அவ்வாதத்தை இன்றும் எவரும் படிக்கலாம். இயங்குதளக் கருவின் அமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அது ஒரு சிறந்த பாடம்.

அக்காலக் குழுக்களுக்கு இரண்டு இயல்புகள் இருந்தன. ஒன்று, யாவும் பொதுவில் நடந்தன. அவற்றிற் பெரும்பகுதி பதிவாகவும் நிலைத்தது. மற்றொன்று, கடுமை. புதியவர் எளிய வினா ஒன்றைக் கேட்டால், 'கையேட்டைப் படித்துவிட்டு வா' என்ற விடையே பலமுறை கிடைத்தது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேரும் புதிய மாணவர்கள் யூஸ்நெட்டில் நுழைவர். ஓரிரு மாதங்களில் பழையவர்கள் அவர்களுக்கு அவையின் வழக்கங்களைக் கற்பித்துவிடுவர். இணைய வசதி பொதுமக்களிடையே பரவியபின் வரவு ஓயவில்லை. 1993-இல் தொடங்கிய செப்டம்பர் முடியவேயில்லை என்று பழையவர்கள் குறைகூறினர். ஜூன் மாதந்தோறும் புதிய வகுப்பை ஏற்கும் நம் ஆசிரியர்களுக்கு இக்குறை வியப்பாகத் தோன்றலாம். புதியவர் வருவதன்றோ எந்தக் கல்விக்கும் உயிர்?

பெற்றதும் இழந்ததும்

இக்கடுமையைக் குறைக்கும் முயற்சிகள் படிப்படியே எழுந்தன. 2004-இல் தோன்றிய உபுண்டு திட்டம் தொடக்கத்திலேயே நடத்தை நெறி ஒன்றை வகுத்துக்கொண்டது. டெபியன் திட்டத்தினர் 2014-இல் வாக்கெடுத்து அத்தகைய நெறியை ஏற்றனர். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தமது கடுஞ்சொற்களுக்காக வருத்தம் தெரிவித்துச் சிறிதுகாலம் விலகியிருந்தார். லினக்ஸ் கருத் திட்டமும் நடத்தை நெறியை மேற்கொண்டது. மரியாதையை வற்புறுத்தினால் நிரலின் தரம் குன்றும் என்று சிலர் எதிர்த்தனர். இவ்வாதம் பொருந்தாது. தவறான கணக்கைச் சிவப்பு மையால் அடிப்பது வேறு. கணக்குப் போட்ட பிள்ளையை ஏசுவது வேறு. முன்னதில் தளர்வு கூடாது. பின்னதற்கு இடமே கூடாது.

ஆனால் பண்பு வளர்ந்த அதே காலத்தில் பதிவு தேய்ந்தது. மடற்குழுக்களில் நடந்த பேச்சில் ஒரு பகுதி தொலைபேசிச் செயலிகளின் மூடிய அறைகளுக்குப் பெயர்ந்தது. அங்கே காலையில் கிடைத்த நல்விடை மாலைக்குள் புதைந்துவிடுகிறது, தேடுபொறிக்கும் எட்டுவதில்லை. ஒரே வினா நூறு முறை கேட்கப்படுகிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றிய உரையாடல், கட்டுள்ள மென்பொருளில், ஒரு நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டு நடைபெறுகிறது. யாஹூ குழுக்கள் மூடப்பட்டபோது, முன்னரே யாரேனும் படியெடுத்து வைத்தவை தவிர ஏனைய உரையாடல்கள் மறைந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவுப் பொறிகளிடம் தனியே வினவும் வழக்கமும் பெருகிவருகிறது. அப்பொறிகள் கற்றதும் பொதுவில் எழுதப்பட்ட விடைகளிலிருந்தே. எல்லோரும் தனியே கேட்டுத் தனியே பெற்றுக்கொண்டால் நாளைய விடைக்கு ஊற்று எது?

ஓர் எச்சரிக்கை

இது வெறும் பழமைப் பற்று அன்று. கோப்புகளைச் சுருக்குவதற்கு லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளைத் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். 2022-இல் அதன் மடற்குழுவில், முன்பின் அறியாத பெயர்களில், வேலை மந்தமென்றும் பொறுப்பைப் பிறரிடம் விட வேண்டுமென்றும் நெருக்கும் மடல்கள் வந்தன. உதவ முன்வந்த ஒருவர் நாளடைவில் நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பிலும் பங்கு பெற்றார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளவழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கண்டு துருவி ஆராய்ந்து, 2024 மார்ச் 29 அன்று பொது மடற்குழுவில் அறிவித்தார். பெருங்கேடு தவிர்ந்தது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. தனியே உழைப்பவரை நெருக்கி வருத்தும் வழக்கம், தீயோர் நுழையும் வாயிலாகிறது; பண்பு பாதுகாப்பின் ஓர் உறுப்பே. இரண்டாவது, ஈராண்டுக்கு முந்தைய மடல்கள் பொதுவில் இருந்தமையால் நடந்ததை எவரும் படித்து வரிசைப்படுத்த முடிந்தது. மூடிய அறையில் நடந்திருப்பின் அத்தடயம் எளிதிற் கிட்டியிராது.

ஆகவே பண்பும் பதிவும் ஒருங்கே வேண்டும். இதில் ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை எளியன. வினாவை இயன்றவரை பொதுக் குழுவிலேயே கேட்கலாம். செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன என்பவற்றை மென்பொருளின் பதிப்பெண்ணோடு எழுதலாம். செயலியிலோ பொறியிடமோ பெற்ற விடை பலித்தால், அதனை அரைப் பக்கக் குறிப்பாக்கிப் பொதுவில் வைக்கலாம், தமிழிலும் வைக்கலாம். புதியவரின் எளிய வினாவுக்குக் கையேட்டின் பக்கத்தைச் சுட்டும்போது, அங்கே உள்ளதை இரண்டு வரியில் கூறியும் உதவலாம். பராமரிப்பவருக்கு ஒரு நன்றி மடலேனும் எழுதலாம்.

பிறர் பொதுவில் எழுதிவைத்த விடைகளால் நாம் பயனடைந்துள்ளோம். நமக்குப் பின் வருவோர்க்கும் சில விடைகளை எழுதிவைப்பது நம் கடமையாகும்.